மலைக்கு ஏற்றது சின்ன இன்ஜின்

சொந்தக் கையால் ஒரு கார் கட்ட வேண்டும் என்ற ஆசை கொங்கு நாட்டுக்குப் புதிதல்ல. கோவையின் ஜி.டி. நாயுடு 1952-லேயே இரண்டாயிரம் ரூபாய்க்கு விற்கக்கூடிய, இரண்டு பேர் அமரும் பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். அதைத் தயாரிக்க அரசு உரிமம் கிடைக்கவில்லை. ஆசை மட்டும் அந்த மண்ணில் தங்கிவிட்டது. இரும்புக் குழாய்களை வெட்டிப் பற்றவைத்துச் சேஸிஸ் செய்து, பழைய வண்டி ஒன்றின் இன்ஜினையும் அச்சையும் அதில் ஏற்றி, மேலே ஃபைபர் உடலைப் பொருத்தி முடிக்கும் கார்களை உலகம் ‘கிட் கார்’ என்கிறது. யூடியூப் வந்தபின் இந்த வேலையைக் கற்றுக்கொள்ளும் இளைஞர்கள் பெருகியிருக்கிறார்கள்.

அவர்களுடைய பேச்சு எப்போதும் இன்ஜினில்தான் தொடங்குகிறது. எத்தனை குதிரைத்திறன் என்பதுதான் முதல் கேள்வி. நீலகிரியில் ஓட்டிப் பார்க்க நினைக்கும் முதல் காருக்கு அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. மலை கேட்பது வேறு: எவ்வளவு எடை, இறங்கும்போது எப்படிப் பிடிக்கும், காற்று மெலிந்தால் என்ன ஆகும், நடுவழியில் நின்றால் குன்னூரில் பார்ட்ஸ் கிடைக்குமா?

மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் சாலையில் 1,900 மீட்டரை ஏறிவிடுகிறோம். பர்லியாறு தாண்டியதும் காது அடைக்கக் காரணமான அதே காற்றழுத்தக் குறைவு இன்ஜினையும் பாதிக்கிறது. ஊட்டியில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சிலிண்டருக்குள் போகும் ஆக்சிஜன் குறைந்தால் எரிக்கக்கூடிய பெட்ரோலும் குறையும். டர்போ இல்லாத இன்ஜின் முந்நூறு மீட்டர் உயரத்துக்குச் சுமார் மூன்று சதவீதம் திறனை இழக்கும் என்பது பொறியாளர்கள் பின்பற்றும் கணக்கு. சென்னையில் நூறு குதிரைத்திறன் தரும் இன்ஜின் ஊட்டி சேரிங் கிராஸில் எண்பதை ஒட்டித்தான் தரும்.

அப்படியானால் இன்னும் பெரிய இன்ஜினாகப் போட்டுவிட்டால் ஆயிற்று என்று தோன்றும். தவறு தொடங்கும் இடம் அதுதான். பெரிய இன்ஜின் தனியாக வருவதில்லை. அதைத் தாங்கப் பெரிய கியர்பாக்ஸ் வேண்டும், கனமான கிளட்ச் வேண்டும், தடித்த அச்சு வேண்டும், பெரிய ரேடியேட்டர் வேண்டும். அத்தனையையும் சுமக்கச் சேஸிஸின் குழாய் கனக்கும். நிறுத்த பிரேக் கனக்கும். உயரம் ஏற ஏறத் திறன் குறைந்துகொண்டே போகும், எடை ஒரு கிலோகூடக் குறையாது.

இறங்கும்போது இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகிறது. ஒரு டன் எடையுள்ள கார் ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கினால், அந்த 1,900 மீட்டர் உயரத்தில் அதற்குள் சேர்ந்திருந்த ஆற்றல் ஐந்து யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஒரு வீட்டு வாட்டர் ஹீட்டரை இரண்டரை மணி நேரம் ஓட்டும் அளவு வெப்பம் அது. காற்றுத் தடை, டயர் உராய்வு, இன்ஜின் இழுப்பு ஆகியவை ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சமெல்லாம் பிரேக் டிஸ்க்கிலும் டிரம்மிலும்தான் போய்ச் சேர வேண்டும். காரின் எடை 600 கிலோ என்றால் கணக்கு மூன்று யூனிட்டாக இறங்கிவிடுகிறது. மலைக்காரர்கள் எடையைப் பற்றிக் கவலைப்பட இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய் நடந்த விபத்துகளுக்குப் பின் வெளியூர் வண்டிகள் அந்த வழியே இறங்கக் காவல்துறை தடை போட்டது. அங்கே பழகிய டிரைவர்கள் பிரேக்கை நம்பி இறங்குவதில்லை. முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் இன்ஜினைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். அதாவது நீலகிரியில் இன்ஜின் என்பது வண்டியை ஓட்டும் கருவி மட்டுமல்ல, பாதி நேரம் நிறுத்தும் கருவியும் அதுவே.

எல்லா இன்ஜினும் ஒரே மாதிரி பிடிப்பதில்லை. பெட்ரோல் இன்ஜினில் ஆக்சிலரேட்டரை விட்டதும் த்ராட்டில் மூடிக்கொள்கிறது. பிஸ்டன்கள் மூடிய வாசலுக்கு எதிராகக் காற்றை இழுக்கப் போராடுகின்றன, அந்தப் போராட்டம் சக்கரத்தைப் பிடிக்கிறது. சாதாரண டீசல் இன்ஜினில் இந்தத் த்ராட்டில் மூடல் கிடையாது. கனரக லாரிகளுக்குத் தனியாக எக்ஸாஸ்ட் பிரேக் வைப்பது அதனால்தான். சிசி குறைந்த டர்போ இன்ஜின் ஏறும்போது அபாரமாக இழுக்கும், ஆனால் இறங்கும்போது அதனிடம் இருப்பது அந்தச் சின்ன சிலிண்டர்களின் பிடி மட்டுமே. ஆகவே மலைக்கு வேண்டியது டர்போ இல்லாத, மிதமான சிசி உள்ள பெட்ரோல் இன்ஜின்.

சரிவுக்கு ஏற்ப இன்ஜினைத் தேர்ந்தெடுப்பது இந்த மலைக்குப் பழக்கமான விஷயம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏறும் ரயில் பாதைக்காக சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் தொழிற்சாலையில் செய்யப்பட்ட எக்ஸ் வகை நீராவி இன்ஜினுக்கு நான்கு சிலிண்டர்கள். சமமான இடத்தில் இரண்டு மட்டும் வேலை செய்யும். பல்சக்கரப் பாதை தொடங்கியதும் அந்த இரண்டில் வேலை முடித்த நீராவி மற்ற இரண்டுக்குள் போய், தண்டவாளத்தின் நடுவிலுள்ள பற்களைப் பிடிக்கும் சக்கரத்தைச் சுற்றும். அதை வடிவமைத்தவர்கள் சமவெளி ரயிலின் வேகத்தோடு போட்டி போடவில்லை. இந்தச் சரிவில் ஏறவும் பத்திரமாக இறங்கவும் என்ன வேண்டும் என்று மட்டும் யோசித்தார்கள்.

சின்ன இன்ஜினால் ஸ்போர்ட்ஸ் கார் ஆகுமா என்ற சந்தேகத்துக்கு வரலாறே பதில் சொல்கிறது. 1957-ல் இங்கிலாந்தில் காலின் சாப்மன் வெளியிட்ட லோட்டஸ் செவன்தான் உலகக் கிட் கார்களின் மூதாதை. முழுக் காராக வாங்கினால் அந்நாட்டில் கொள்முதல் வரி உண்டு. உதிரிகளாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் இல்லை. அதனால் ஆயிரக்கணக்கானோர் தங்கள் கார் ஷெட்டிலேயே கார் கட்டப் பழகினார்கள். அந்த முதல் செவனில் பரவலாக வந்தது ஃபோர்டின் 1,172 சிசி இன்ஜின். அது தந்தது சுமார் நாற்பது குதிரைத்திறன். நம் தெருக்களில் முப்பது ஆண்டு ஓடிய மாருதி 800 தந்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான். செவனின் எடை அரை டன்னுக்கும் குறைவு, ரகசியம் அதில் இருந்தது.

லோட்டஸிடமிருந்து 1973-ல் அந்த வடிவத்தை வாங்கிய கேட்டர்ஹாம் நிறுவனம் நூற்றுக்கணக்கான குதிரைத்திறன் உள்ள இன்ஜின்களையெல்லாம் போட்டுப் பார்த்தது. அதே நிறுவனம் 2013-ல் எதிர்த் திசையில் திரும்பியது. ஜப்பானின் குட்டிக் கார்களுக்காக சுசுகி செய்த 658 சிசி மூன்று சிலிண்டர் டர்போ இன்ஜினையும் சுசுகியின் பின் அச்சையும் செவனுக்குள் வைத்தது. எண்பது குதிரைத்திறன், 490 கிலோ. 2021-ல் வந்த அதன் அடுத்த வடிவம் 440 கிலோவாக இன்னும் மெலிந்தது. விலை உயர்ந்த கார்களை ஓட்டிப் பழகியவர்களும் அந்தக் குட்டிக் காரை ஓட்டிவிட்டு மகிழ்ந்து எழுதினார்கள்.

தமிழ்நாட்டில் இந்த உண்மையை முதலில் புரிந்துகொண்டு செய்தும் காட்டியவர் கோவையின் எஸ். கரிவர்தன். எண்பதுகளில் இந்தியாவில் கார் பந்தயம் என்றால் வெளிநாட்டிலிருந்து பழைய பந்தய கார் தருவிக்க முடிந்தவர்களின் விளையாட்டு. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் கூட்டம் கூடியது, ஓட்டியவர்கள் சிலரே. கரிவர்தன் 1988-ல் செய்த ஒற்றை இருக்கைப் பந்தயக் காருக்குத் தேர்ந்தெடுத்தது மாருதி 800-ன் இன்ஜினையும் கியர்பாக்ஸையும். சமையல் சாமான் வாங்கப் போகும் காரின் 796 சிசி இன்ஜின்! அதை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்தார். ‘ஃபார்முலா மாருதி’ என்று பெயர் பெற்ற அந்தக் காரில்தான் இந்தியாவின் ஒரு தலைமுறை பந்தயம் பழகியது. 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியரான கோவையின் நரேன் கார்த்திகேயனும் தொடக்கத்தில் ஓட்டியது ஃபார்முலா மாருதிதான்.

கரிவர்தன் 1995-ல் விமான விபத்தில் மறைந்தார். செட்டிப்பாளையத்தில் அவர் பெயரில் பந்தயத் தடம் இருக்கிறது. அவர் எடுத்த முடிவின் அருமையை இன்றைய கிட் கார் ஆர்வலர்கள் முழுதாக உணரவில்லை என்றே சொல்ல வேண்டும். உலகின் சிறந்த இன்ஜின் எது என்று அவர் தேடவில்லை. உடைந்தால் அடுத்த நாள் காலையில் கடையில் மாற்றுக் கிடைக்கும் இன்ஜின் எது, எந்த ஊர் மெக்கானிக்கும் திறந்து பார்க்கக்கூடியது எது என்று தேடினார். பந்தயம் நடக்க வேண்டுமானால் கார் ஓட வேண்டும். ஓடும் நாட்கள் அதிகமாக இருக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான பாடமும் நம் நாட்டில் உண்டு. 1998-ல் வந்த சான் ஸ்டார்ம் என்ற இரண்டு இருக்கைத் திறந்த கார் அழகானது, எடை குறைந்தது, ஃபைபர் உடல் கொண்டது. அதற்குள் இருந்தது ரெனோவின் 1,149 சிசி, அறுபது குதிரைத்திறன் இன்ஜின். இன்ஜின் நல்லதுதான். ஆனால் ரெனோவின் கார்கள் இந்தியச் சாலைகளில் பரவலாக வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பு அது வந்தது. பார்ட்ஸ் தேடுகிறவர் எங்கே போவார்? மகாராஷ்டிரத்தின் அலிபாக்கில் சின்காரா மோட்டார்ஸ் செய்த ரோட்ஸ்டர் வேறு வழியில் போனது. லோட்டஸ் செவன் வடிவத்தில் அமைந்த அந்தக் காருக்கு அம்பாசிடரில் வந்த இசுசு 1.8 லிட்டர் இன்ஜினை எடுத்துக்கொண்டார்கள். நாட்டின் எந்த டாக்சி ஸ்டாண்டிலும் அந்த இன்ஜினை அறிந்த ஒருவர் இருந்த காலம் அது. அந்தத் தேர்வில் இன்னொரு புத்திசாலித்தனமும் இருக்கிறது: இன்ஜின் நீளவாக்கில் அமர்ந்து, பின்னால் கியர்பாக்ஸ், அதன் பின்னால் ப்ரொபெல்லர் ஷாஃப்ட், பின் அச்சு என்று நேர்கோட்டில் போகும் அமைப்பு அம்பாசிடரிலேயே தயாராக இருந்தது.

முதல் கார் கட்டுகிறவர் கவனிக்க வேண்டிய இடம் இது. இன்று விற்கும் சின்னக் கார்களில் பெரும்பாலானவை முன் சக்கர இழுவை. இன்ஜின் குறுக்குவாட்டில் இருக்கும். கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் அதோடு ஒட்டியே இருக்கும். அந்த முழுத் தொகுப்பையும் அப்படியே தூக்கி இருக்கைக்குப் பின்னால் வைக்கலாம். ஃபியட் 1972-ல் தன் எக்ஸ் 1/9 காரில் செய்தது அதுதான்; கரிவர்தன் செய்ததும் அதே வழி. ஆனால் கியர் கேபிள்கள் காரின் முழு நீளத்துக்கும் ஓட வேண்டும். ரேடியேட்டர் முன்னால், இன்ஜின் பின்னால் என்றால் தண்ணீர்க் குழாய்களும் நீளும். அவற்றில் காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டால் இன்ஜின் சூடாகும். ஊட்டி உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரிக்கு முன்னாலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் அழுத்தம் கொஞ்சம் கசிந்தாலும் குன்னூர் ஏற்றத்தில் ஆவி பறக்கும். ஒரு காரைக் கட்டி முடித்து அனுபவம் பெற்றவர் இரண்டாவது காருக்கு இந்த வழியை எடுத்துக்கொள்ளட்டும்.

முதல் காருக்கு நீளவாக்கு இன்ஜினும் பின் சக்கர இழுவையும் சேர்ந்து கிடைக்கும் வண்டிதான் சரி. அப்படிப்பட்டவை நம் கண்முன்னே, மலைச் சாலைகளிலேயே ஓடிக்கொண்டிருக்கின்றன. மாருதியின் ஆம்னி, ஜிப்ஸி, ஈகோ.

ஆம்னியில் இருப்பது மாருதி 800-ன் அதே 796 சிசி இன்ஜின். எளிமையில் அதை மிஞ்ச ஒன்றும் இல்லை. குறை, பழைய ஆம்னிகளின் கார்புரேட்டர். மேட்டுப்பாளையத்துக்குச் சரியாக வைத்த கார்புரேட்டர் ஊட்டியில் பெட்ரோலை அதிகமாகக் கொட்டும். ஸ்பார்க் பிளக் கறுத்துப்போகும், பிக்கப் விழும். ஊட்டிக்காகச் சின்ன ஜெட் போட்டுவிட்டு மேட்டுப்பாளையம் இறங்கினால் பெட்ரோல் போதாமல் இன்ஜின் சூடேறித் தட்டத் தொடங்கும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் மூடுபனியின் ஈரம் இறங்கினால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. கார்புரேட்டர் இல்லாத எம்.பி.எஃப்.ஐ. இன்ஜினில் உயரத்துக்கு ஏற்பப் பெட்ரோலை மாற்றும் வேலையைக் காற்றழுத்த சென்ஸார் பார்த்துக்கொள்கிறது. ஒவ்வொரு வளைவுக்கும் காற்று எவ்வளவு மெலிந்தது என்று அளந்து பெட்ரோலைக் குறைக்கிறது, இறங்கும்போது கூட்டுகிறது. ஆகவே ஆம்னி என்றால் பின்னாளில் வந்த எம்.பி.எஃப்.ஐ. ஆம்னி.

ஜிப்ஸியின் 1.3 லிட்டர் இன்ஜின் முழுக்க அலுமினியம். பின்னாளைய வடிவம் எண்பது குதிரைத்திறன் தருவது. அதன் நான்கு சக்கர இழுவைப் பெட்டி கியர்பாக்ஸிலிருந்து தனியாகக் கழற்றக்கூடியது. கிட் காருக்கு இதைவிடப் பொருத்தமான இன்ஜின் இந்தியாவில் வந்ததில்லை என்றே சொல்லலாம். ஆனால் ஜிப்ஸி உற்பத்தி நின்றுவிட்டது. காடு மேடு ஏறும் ஆர்வலர்கள் நல்ல ஜிப்ஸிகளைத் தேடித் தேடி வாங்கிப் பாதுகாக்கிறார்கள். ஓடும் நிலையில் உள்ள ஒரு ஜிப்ஸியைக் கிட் காருக்காகப் பிரித்துப்போடுவது வருத்தத்துக்குரிய காரியம்.

எஞ்சுவது ஈகோ. தீர்ப்பும் அதற்குத்தான். 2010-ல் வெளிவந்தபோது அந்த வேனில் இருந்த 1,196 சிசி இன்ஜின் 73 குதிரைத்திறன் தருவது. 3,000 சுற்றிலேயே முழு இழுவையும் வந்துவிடுகிறது. ஐந்து கியர், பின் சக்கர இழுவை, எம்.பி.எஃப்.ஐ., அலுமினிய பிளாக். ஆட்களையும் சரக்கையும் ஏற்றிக்கொண்டு மேடு ஏறுவதற்காக அமைத்த கியர் விகிதத்தால், எடை குறைந்த கார் ஹேர்பினுக்கு ஹேர்பின் துள்ளி ஏறும். காரின் எடையை 600 கிலோவுக்குள் நிறுத்தினால், ஊட்டியின் மெலிந்த காற்றில் 58 குதிரைத்திறனாகச் சுருங்கிய பின்னும் எடைக்குத் தகுந்த திறனில் அது சென்னையில் ஓடும் ஈகோவை விட முன்னால் நிற்கும். ஆம்புலன்சாகவும் பால் வண்டியாகவும் நாடெங்கும் ஓடும் வண்டி என்பதால் வாட்டர் பம்ப்பிலிருந்து கிளட்ச் பிளேட் வரை எதற்கும் காத்திருக்க வேண்டாம்.

இதைப் படித்ததும் சில இளைஞர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். அவர்கள் மனத்தில் இருப்பது ஹயபுசா பைக்கின் இன்ஜின், அல்லது ஜப்பானிலிருந்து பாதி வெட்டிய காராக வந்திறங்கும் ஹோண்டா விடெக், அல்லது புதிய டர்போ பெட்ரோல். ஒவ்வொன்றுக்கும் ஆதரவான வாதம் உண்டு. பைக் இன்ஜின் எடை குறைந்தது, கியர்பாக்ஸ் உள்ளேயே இருக்கிறது. செட்டிப்பாளையத்தில் ஃபார்முலா பாரத் போட்டிக்கு வரும் கல்லூரி மாணவர்களில் பலர் கேடிஎம் 390 இன்ஜினைத் தேர்ந்தெடுப்பதும் அதனால்தான். போட்டி விதி 710 சிசி வரைதான் அனுமதிக்கிறது. தடத்தில் யாரும் பின்னால் எடுக்க வேண்டியதும் இல்லை. மலைச் சாலையில் கதை வேறு. ஏறிவரும் வண்டிக்கே முன்னுரிமை என்பது விதி. குன்னூர் வளைவில் எதிரே அரசு பஸ் ஏறிவந்தால் இறங்குகிறவர்தான் பின்னால் எடுக்க வேண்டும். ரிவர்ஸ் கியர் இல்லாத பைக் இன்ஜினோடு அங்கே நிற்பது தனக்கும் ஆபத்து, பஸ்ஸில் இருப்பவர்களுக்கும் ஆபத்து. பைக்கின் எடைக்காகச் செய்த கிளட்ச், கொண்டை ஊசியில் நின்று கிளம்பிக் கிளம்பித் தேய்ந்தும் போகும்.

இறக்குமதி இன்ஜினின் சிக்கல் சான் ஸ்டார்மின் சிக்கலேதான். ஒரு சென்ஸார் போனால் மாதக்கணக்கில் கார் ஷெட்டில் தூங்கும். புதிய டர்போ இன்ஜின்களை உயரம் அவ்வளவாகப் பாதிக்காது, அது அவற்றின் பெரிய பலம். ஆனால் அவற்றின் கம்ப்யூட்டர், சாவியோடும் மீட்டரோடும் ஏபிஎஸ்ஸோடும் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பேச்சு அறுந்தால் ஸ்டார்ட் ஆகாது. அனுபவம் உள்ள எலெக்ட்ரீஷியனே திணறும் வேலையை முதல் காரில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. டீசல் இன்ஜின் எடைக் கணக்கிலேயே தோற்றுப்போகிறது.

ஈகோவை எடுத்துக்கொள்ள முடிவு செய்தவர் இன்ஜினை மட்டும் தனியாக வாங்கக் கூடாது. விபத்தில் முன்பக்கம் அல்லது கூரை நசுங்கி, இன்ஜின் பத்திரமாக இருக்கும் ஒரு முழு வண்டியைக் கண்டுபிடிப்பதே லாபம். இன்ஜின், கியர்பாக்ஸ், ப்ரொபெல்லர் ஷாஃப்ட், பின் அச்சு, வயரிங், கம்ப்யூட்டர், அந்தக் கம்ப்யூட்டரோடு வந்த சாவி, பெட்ரோல் பம்ப் எல்லாம் ஒன்றுக்கொன்று பழகியவை. புதுப்பேட்டையிலும் உக்கடத்திலும் இவை தனித்தனியாகக் கிடைக்கும். தனித்தனியாக வாங்கிச் சேர்த்தவை பல நேரம் ஒத்துப்போவதில்லை. வாங்குமுன் ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் அளக்கச் சொல்ல வேண்டும். ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இருந்தால் திரும்பிவிட வேண்டும். ஆயில் மூடியின் அடியில் வெள்ளையாகக் குழம்பு படிந்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கக்கூடும். பொருத்தும்போது இன்ஜின் வேனில் எந்தக் கோணத்தில் இருந்ததோ அதே கோணத்தில் வைக்க வேண்டும். பானெட் தாழ்வாக இருக்க வேண்டும் என்று சாய்த்துவிட்டால் சம்ப்பில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும், செங்குத்தான ஏற்றத்தில் ஆயில் பம்ப் காற்றை உறிஞ்சும். வேனில் ஓட்டுநரின் கீழே இருந்த இன்ஜின் இங்கே அவருக்கு முன்னால் வருவதால் கியர் லீவர் இணைப்பைப் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும். கோவையில் இதற்குத் திறமையான லேத் பட்டறைகளுக்குக் குறைவில்லை.

இனி பேச வேண்டியது சட்டம். அதுவும் இன்ஜின் தேர்வோடு பிணைந்ததுதான்.

வீட்டில் கட்டிய காரை இந்தியாவில் பொதுச் சாலையில் ஓட்ட இன்று வழி இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. புதிய மாதிரி என்று பதிவு செய்யப் போனால், மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126-ஆம் விதிப்படி புனேயிலோ ஓரகடத்திலோ உள்ளதுபோன்ற அரசு அங்கீகாரம் பெற்ற மையத்தில் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும். ஆயிரக்கணக்கில் கார் செய்யும் நிறுவனங்களுக்காக எழுதிய விதி அது. ஒரே ஒரு கார் கட்டிய ஒருவருக்கு அந்தச் செலவு கட்டுபடியாகாது. 2020 ஏப்ரல் முதல் பிஎஸ்-6 மாசு விதியும் சேர்ந்துகொண்டது. ஆக, ஆசைப்பட்டுக் கட்டிய கார் பந்தயத் தடத்திலோ, உரிமையாளரின் அனுமதியோடு எஸ்டேட்டுக்குள் வேலியிட்ட தனிப் பாதையிலோதான் ஓட முடியும். நீலகிரியின் பொதுச் சாலைகள் ஏற்கெனவே நெரிந்து கிடக்கின்றன. உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கேட்கும் நிலை. அங்கே வேகம் காட்ட யாருக்கும் உரிமை இருக்க முடியாது.

ஆனால் பாதுகாப்பாகக் கட்டிய காருக்குக் கதவே இல்லை என்பது நியாயமல்ல. பிரிட்டனில் ஒற்றைக் காரை அரசு ஆய்வாளர் ஒருவர் பிரேக், ஸ்டீயரிங், விளக்கு, புகை என்று ஒவ்வொன்றாகச் சோதித்துச் சான்று தரும் முறை 1998-லிருந்தே நடக்கிறது. நமக்கும் முன்னுதாரணம் உண்டு. ஐம்பது ஆண்டு கடந்த பழைய கார்களுக்கு 2021-ல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ‘விஏ’ என்ற தனிப் பதிவு வரிசையைக் கொண்டுவந்தது. அன்றாடப் பயன்பாட்டுக்கு அல்ல. கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் பராமரிப்புக்கும் சாலையில் வரலாம். அதே கட்டுப்பாடுகளோடு, வீட்டில் கட்டிய கார்களுக்கும் ஒரு வரிசையைத் தொடங்குவதில் தடை எதுவும் தெரியவில்லை. ஓரகடம் மையத்தில் ஒற்றைக் காருக்கான சோதனைக் கட்டணத்தைத் தனியாக, தாங்கக்கூடியதாக நிர்ணயிக்கலாம். இன்ஜின் அரசு ஏற்கெனவே அங்கீகரித்த வண்டியிலிருந்து, அதன் கம்ப்யூட்டரும் புகைக் கட்டுப்பாட்டுக் கருவியும் மாறாமல் வந்ததாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கலாம். குதிரைத்திறனுக்கு உச்சவரம்பும் வைக்கலாம். தமிழ்நாட்டின் நாடாளுமன்ற உறுப்பினர்கள், குறிப்பாகக் கோவை, நீலகிரி உறுப்பினர்கள், இந்தக் கோரிக்கையை அமைச்சகத்திடம் கொண்டுபோக வேண்டும்.

அந்த நாள் வரும்வரை கட்டுகிறவர்கள் ஒன்று செய்யலாம். இன்ஜின் எடுத்த வண்டியின் ஆர்.சி. புத்தகம், அந்த வண்டியைக் கழிவாகப் பதிவு நீக்கிய ஆவணம், வாங்கிய ரசீது, இன்ஜின் எண் தெளிவாகத் தெரியும் புகைப்படம், எல்லாவற்றையும் ஒரு கோப்பில் பத்திரமாக வைத்திருங்கள். வினையூக்கியுள்ள சைலன்சரைக் கழற்றி எறிய வேண்டாம். எந்த நாட்டில் எந்த ஆய்வாளர் வந்தாலும் முதலில் கேட்பது இவற்றைத்தான்.